மூடியைத் திறக்கலாமா, மாமா?

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தால், சாப்பாட்டு மேசையில் என் அக்கா மகன் தன் கணினியைப் பிரித்துப் போட்டிருந்தான். பக்கத்தில் ஒரு புதிய சவர பிளேடு.

"மாமா, இதை வச்சுதான் புரோசசர் மூடியைக் கழட்டப் போறேன். நீங்க பக்கத்துல இருந்தா போதும்."

அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. வார இறுதிகளில் திருமண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறான். அந்தப் பணம் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகிறது. கணினியின் புரோசசர் ஒரு நண்பனிடம் 400 ரிங்கிட்டுக்கு வாங்கிய பழைய பொருள். அதன் வேகத்தை, தயாரித்தவர்கள் சொன்ன அளவுக்கு மேல் கூட்டி ஓட்டுகிறான். இதைத்தான் ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள். வீடியோ வேலை தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் சூடு 97 டிகிரி செல்சியஸைத் தொடுகிறதாம்.

"உள்ளே உலோகத்தால ஒட்டாம, மட்டமான பசையைத் தடவி மூடியிருக்காங்க மாமா. இன்னும் ரெண்டு வெள்ளி செலவு பண்ணியிருந்தா நல்லா குளிர்ந்திருக்கும். ஏன் செய்ய மாட்டேங்கிறாங்க?"

கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் பிளேடை எடுப்பது சரியில்லை. அடுத்த சனிக்கிழமைக்குள் ஒரு கல்யாண வீடியோவைக் கொடுத்தாக வேண்டும். பிளேடு ஒரு மில்லிமீட்டர் தவறினால் வீடியோவும் இல்லை, வருமானமும் இல்லை. அதனால் முதலில் உட்காரச் சொன்னேன். எங்கள் பேச்சின் சாரம்தான் இந்த வாரக் கட்டுரை.

அடுப்பைவிடச் சூடு

புரோசசர் என்று நாம் கையில் எடுப்பதில் பெரும்பகுதி மூடியும் பலகையும்தான். கணக்குப் போடும் சிலிக்கான் சில்லு, நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கும். அதன்மேல் நிக்கல் பூசிய செப்பு மூடி. சில்லுக்கும் மூடிக்கும் நடுவில் சூட்டைக் கடத்த ஒரு பொருள். மூடிக்கு மேலே இன்னொரு படலம் பசை, அதற்கும் மேலே விசிறியோடு கூடிய கூலர்.

2012இல் வந்த இன்டெல் கோர் ஐ7-3770கே என்ற புரோசசரை எடுத்துக்கொள்வோம். அதன் சில்லு 160 சதுர மில்லிமீட்டர். வடிவமைப்புச் சூட்டு அளவு 77 வாட். கணக்குப் போட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 48 வாட் வருகிறது. சமையலறையில் 18 சென்டிமீட்டர் அகலமுள்ள 1,500 வாட் மின்னடுப்புத் தட்டு இருந்தால், அதில் சதுர சென்டிமீட்டருக்கு 6 வாட்தான். அதாவது தோசை சுடும் தட்டைவிட எட்டு மடங்கு அடர்த்தியான சூடு, நகம் அளவுள்ள இடத்திலிருந்து கிளம்புகிறது.

இதில் வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? சூடு வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மின்செலவு ஏறும். வேகத்தை 20 விழுக்காடும் மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டினால், சூடு ஏறத்தாழ 45 விழுக்காடு கூடும். 77 வாட் 112 வாட்டாகிவிடும். கிடைப்பது 20, கொடுப்பது 45. இந்தக் கணக்கை நல்ல மூடி போட்டாலும் மாற்ற முடியாது. மூடி சூட்டைக் கடத்துமே தவிர, குறைக்காது.

2012இல் நடந்தது

ஓவர்கிளாக்கிங் ஆர்வலர்களின் பொற்காலம் 1998. இன்டெல் அந்த ஆண்டு வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவு விலைப் புரோசசர் 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கானது. பலகையின் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், பல சில்லுகள் 450 மெகாஹெர்ட்ஸில் சாதாரணமாக ஓடின. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 ஓடிய வேகம் அது. சும்மா கிடைத்த சொத்து!

2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலும் அந்த மகிழ்ச்சி கொஞ்சம் இருந்தது. அதில் சில்லையும் மூடியையும் உலோகத்தால் பற்றவைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஐவி பிரிட்ஜ் வந்தது. சில்லு 216 சதுர மில்லிமீட்டரிலிருந்து 160ஆகச் சுருங்கியது. மின்செலவும் குறைந்தது. ஆனால் வேகத்தைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி: முந்தையதைவிடச் சூடு அதிகம். மூடியைப் பிளேடால் அறுத்துப் பார்த்தால், உலோகத்துக்குப் பதிலாகப் பசை.

மூடியைக் கழற்றி வேறு பொருள் தடவியவர்களுக்கு 10 முதல் 20 டிகிரி வரை சூடு இறங்கியது. அதில் ஒரு சுவாரஸ்யமான விஷயமும் வெளியே வந்தது. குற்றவாளி பசை மட்டும் இல்லை. மூடியின் ஓரத்தை ஒட்டிய கறுப்புக் கோந்தின் தடிமன், மூடியைச் சில்லிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தது. அந்த இடைவெளியை நிரப்பப் பசைப் படலம் தடித்துப் போயிருந்தது.

"பார்த்தீங்களா மாமா! தெரிஞ்சேதான் செஞ்சிருக்காங்க."

தெரிந்துதான் செய்தார்கள். ஏன் என்பதுதான் கேள்வி.

யாருக்காக இந்த மூடி?

ஒரு புரோசசர் நிறுவனத்திடம் பொருள் வாங்குபவர்கள் யார்? மடிக்கணினி செய்யும் நிறுவனங்கள், அலுவலகங்களுக்கு நூற்றுக்கணக்கில் கணினி விற்பவர்கள், சர்வர் வைத்திருப்பவர்கள். தனியாகப் புரோசசர் வாங்கி, பயோஸுக்குள் போய் மின்னழுத்தத்தைத் திருகுபவர்கள் சிறுபான்மை. அலுவலகக் கணினி வேலை நேரத்தில் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. அதன் சில்லு 60 டிகிரியில் இருந்தாலும் 70 டிகிரியில் இருந்தாலும் கணக்காளருக்கு ஒன்றுதான். பெட்டியில் எழுதிய வேகத்தைப் பெட்டியில் எழுதிய சூட்டுக்குள் கொடுத்துவிட்டால் நிறுவனத்தின் வாக்கு நிறைவேறிவிட்டது. பசை அந்த வாக்குக்குப் போதும்.

ஒரு சில்லுக்கு ஒரு ரிங்கிட் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கோடி சில்லு செய்தால் ஐந்து கோடி ரிங்கிட். அதைக் கேட்காதவர்களின் தலையிலும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

உலோகப் பற்றும் சும்மா வராது. அதற்குப் பயன்படும் இண்டியம், துத்தநாகத் தாதுவைச் சுத்திகரிக்கும்போது உபரியாகக் கிடைக்கும் அரிய உலோகம். தொடுதிரைகளுக்கும் அதுவே வேண்டும். சிலிக்கானில் இண்டியம் நேரடியாக ஒட்டாது. சில்லின் முதுகிலும் மூடியின் அடியிலும் தங்கம் உட்பட மெல்லிய உலோகப் படலங்கள் பூச வேண்டும்.

அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. சூடேறும்போது செம்பு, சிலிக்கானைவிட ஆறு மடங்குக்கு மேல் விரிகிறது. கணினியைத் தினமும் திறந்து மூடும்போது மேலே செம்பு ஒரு பக்கம் இழுக்க, கீழே சிலிக்கான் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவிலுள்ள உலோகப் பற்று பாடுபடுகிறது. வருடக்கணக்கில் இது நடந்தால் பற்றில் விரிசல் விழலாம். பசை இளகிக் கொடுக்கும்.

"சரி மாமா, எங்களை மாதிரி ஆளுங்க வாங்குற கே வரிசைக்கு மட்டுமாவது உலோகம் போடலாம்ல?"

நல்ல கேள்வி. இதற்கு நான் பதில் சொல்லவில்லை. உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த என் சின்னம்மா சொன்னார்.

பினாங்கு வரிசையில்

நம் நாட்டுக்கும் இந்த மூடிக்கும் பழைய உறவு. 1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பூட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது பினாங்கில்தான். அதே ஆண்டு ஏஎம்டியும் அங்கே வந்தது. சிலிக்கான் தட்டு வேறு எங்காவது உருவாகலாம். அதைத் துண்டுபோட்டு, பலகையில் பொருத்தி, மூடி போட்டு, சோதித்து அனுப்பும் வேலை பாயான் லெப்பாஸிலும் கூலிமிலும் நடந்து வந்திருக்கிறது. தோட்டத்திலிருந்து வெளியேறிய எத்தனையோ நம் வீட்டுப் பெண்களுக்கு மாதச் சம்பளம் என்பதை முதலில் காட்டியது இந்த மின்னியல் தொழிற்சாலைகள்தான். சின்னம்மாவும் அவர்களில் ஒருவர். தொழிற்சாலையின் பெயரை அவர் சொல்ல விரும்பமாட்டார். முப்பத்தைந்து வருடம் மூன்று ஷிஃப்டும் பார்த்தவர்.

புரோசசரை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். மூடியில் பொடி எழுத்தில் மலேசியா என்று இருந்தது.

"ஐயா, மூடி போடுறப்போ அது எந்த வேகத்துக்குப் போகும்னு முழுசா தெரியாது. மூடி போட்ட பிறகுதான் கடைசி டெஸ்ட். அதுல ஓடுற வேகத்தைப் பார்த்துத்தான் தரம் பிரிப்பாங்க. உனக்குன்னு தனி வரிசை கிடையாது. எல்லாம் ஒரே வரிசைதான்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: "இன்னொண்ணு. சாமானைச் சூடாக்குவோம், குளிர வைப்போம், மறுபடி சூடாக்குவோம். எத்தனையோ தடவை. ஒண்ணு போச்சுன்னா ஏன் போச்சுன்னு கூட்டம் போட்டுக் கேப்பாங்க. எல்லாத்துலயும் வேகமா ஓடுனது எதுன்னு எங்க சூப்பர்வைசர் ஒருநாளும் எங்களைக் கேட்டது இல்ல."

என் அரைப் பக்க விளக்கத்தை அவர் நான்கு வரியில் முடித்துவிட்டார். ஆர்வலர் பார்ப்பது தன் மேசையில் இருக்கும் ஒரே ஒரு சில்லை. தொழிற்சாலை பார்ப்பது லட்சக்கணக்கான சில்லுகளில் ஒன்றுகூடக் கெட்டுத் திரும்பி வரக்கூடாது என்பதை.

கேட்கவே மாட்டார்களா?

கேட்டிருக்கிறார்கள், தாமதமாக. 2014இல் இன்டெல் டெவில்ஸ் கேன்யன் என்ற பெயரில் ஐ7-4790கே புரோசசரைக் கொண்டுவந்தது. ஆர்வலர்களை மனதில் வைத்து மேம்பட்ட பசையோடு வந்தது அது. அப்போதும் உலோகம் இல்லை. 2017இல் ஏஎம்டி தன் ரைசன் வரிசையை உலோகப் பற்றோடு, எல்லா ரகத்திலும் வேகத்தைக் கூட்டும் அனுமதியோடு இறக்கியது. 2018 அக்டோபரில் இன்டெலின் ஐ9-9900கே உலோகப் பற்றோடு வந்தது.

புலம்பல் ஆறு வருடத்தில் செய்யாததைப் போட்டி ஒன்றரை வருடத்தில் செய்துவிட்டது என்று என் மருமகன் சொன்னான். பாதி உண்மை. மறுபாதியைக் கவனியுங்கள். ஐ9-9900கே பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே 5 கிகாஹெர்ட்ஸ் வரை தானாக ஓடும். எட்டுக் கருக்கள் ஒன்றாகக் கொதிப்பதற்கு உலோகம் தேவைப்பட்டது. முன்பு ஆர்வலர் தேடிப் பிடித்த அந்த உபரி வேகத்தை, இப்போது நிறுவனமே 'டர்போ' என்ற பெயரில் எடுத்து விலை போட்டு விற்கிறது. அந்த வேகத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி வேண்டுமோ அவ்வளவுதான் தருகிறது. அதற்குமேல் நாம் கேட்பது அவர்கள் விற்காத பொருள்.

2022இல் வந்த ரைசன் 7000 வரிசை இன்னும் வெளிப்படை. கனமான வேலையில் 95 டிகிரி வரை போவது இயல்பு, அப்படித்தான் வடிவமைத்தோம் என்றது ஏஎம்டி. அதன் மூடியையும் தடிமனாகச் செய்தார்கள். மக்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பழைய கூலர்கள் புதிய பலகையிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக. மெல்லிய மூடி என்றால் இன்னும் குளிர்ந்திருக்கும். ஆனால் கூலரை மாற்ற விரும்பாதவர்களின் எண்ணிக்கை அதிகம். யாருக்கு முதலிடம் என்பது அந்த மூடியின் தடிமனிலேயே தெரிகிறது.

வேகத்தை விரட்டினால் தயாரித்தவர்களுக்கும் அடி விழும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரோசசர்கள் சில நிலைகுலைந்து போவதற்குத் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் காரணம் என்று 2024இல் அந்நிறுவனமே அறிவித்தது. திருத்த மென்பொருளையும் கூடுதலாக இரண்டு ஆண்டு உத்தரவாதத்தையும் கொடுத்தது. மின்னழுத்தத்தைக் கூட்டுவது எவ்வளவு எளிதோ, அதன் விலை அவ்வளவு மெதுவாகத் தெரியவரும்.

பணம் போகும் இடம்

அப்படியானால் குளிரூட்டலில் யாரும் அக்கறை காட்டவில்லையா? காட்டுகிறார்கள், ஜொகூரில் எழும்பி நிற்கும் தரவு மையங்களைப் போன்ற இடங்களுக்காக. செயற்கை நுண்ணறிவுக்காக என்விடியா செய்யும் ஜிபி200 என்விஎல்72 என்ற ஒரே ஓர் அலமாரி சுமார் 120 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். வீட்டில் 2 கிலோவாட் கெட்டில் அறுபதை ஓர் அலமாரியில் அடுக்கி ஒன்றாகக் கொதிக்க விட்டதுபோல. அதைத் திரவத்தால்தான் குளிரவைக்க முடியும். சிங்கப்பூரில் 2023இல் வெப்பமண்டலத் தரவு மையங்களுக்கென ஒரு தரநிலை வந்தது. அறை வெப்பத்தை 26 டிகிரிக்கும் மேலாகப் படிப்படியாக உயர்த்தச் சொல்கிறது அது. ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாம். ஒரு டிகிரியில் லட்சங்கள் புரளும் இடத்துக்குத்தான் பொறியாளர்களின் மூளையும் பணமும் போகும். மருமகனின் படுக்கையறைக்கு அல்ல.

நாங்கள் செய்தது

படுக்கையறை என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. அவன் பார்க்கும் வீடியோக்களில் சோதனை செய்பவர்கள் 21, 22 டிகிரி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் வீட்டில் மதியம் 32. எந்தக் கூலரும் சுற்றியுள்ள காற்றைவிடச் சில்லைக் குளிரவைக்காது. அவர்களின் எண்ணோடு நாம் பத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவன் 97 என்று பயந்ததில் பத்து டிகிரி நம் வானிலையின் பங்கு.

பிளேடை எடுத்து வைத்துவிட்டோம். கூலரின் இடுக்குகளில் பூனை முடியும் தூசியும் மெத்தை போட்டிருந்தன. தூரிகையால் சுத்தம் செய்தோம். மூடிக்கு மேலே இருந்த பசை காய்ந்து பொடியாகியிருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினோம். 25 ரிங்கிட் குழாய், பட்டாணி அளவு போதும். பின்பக்க விசிறி தலைகீழாகப் பூட்டப்பட்டு, வெளியே போக வேண்டிய சூட்டை உள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. பூட்டியவன் யார் என்று நான் கேட்கவில்லை. கடைசியாக வேகத்தைத் தயாரித்தவர்கள் சொன்ன அளவுக்கே இறக்கி, மின்னழுத்தத்தையும் சிறிது சிறிதாகக் குறைத்து, நிலையாக ஓடுகிறதா என்று பார்த்தோம்.

மாலையில் அதே கல்யாண வீடியோ. சூடு 78 டிகிரி. அவன் 10 விழுக்காடு வேகம் கூட்டி வைத்திருந்ததால், முன்பு 55 நிமிடத்தில் முடிந்த வேலை இனி ஒரு மணி நேரம் ஆக வேண்டும் என்று எதிர்பார்த்தோம். 57 நிமிடத்தில் முடிந்தது. முன்பு சூட்டைத் தாங்காமல் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவன் கூட்டிய வேகத்தில் பாதிக்கு மேல் அவனுக்குக் கிடைக்கவே இல்லை!

புதிதாகக் கணினி வாங்கப் போகும் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் என் ஆலோசனை இதுதான். படிப்புக்கும் அலுவலுக்கும் என்றால், வேகம் கூட்டும் வசதியுள்ள ரகத்துக்குக் கூடுதல் பணம் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல கூலரும் காற்றோட்டமுள்ள பெட்டியும் வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். ஓவர்கிளாக்கிங் செய்ய ஆசைப்படும் பிள்ளையைத் திட்டாதீர்கள், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் சம்பாதிக்கும் கணினியில் வேண்டாம். கெட்டாலும் பரவாயில்லை என்ற பழைய கணினி ஒன்றில் செய்யட்டும்.

மருமகன் கிளம்பும்போது சின்னம்மா பிளேடைத் தாளில் சுற்றி அவன் கையில் கொடுத்தார். "எடுத்துட்டுப் போய் முதல்ல சவரம் பண்ணுய்யா. சனிக்கிழமை கல்யாண வீட்டுக்காரங்களைப் பார்க்கப் போகணும்ல."

வீடியோ வெள்ளிக்கிழமை இரவே போய்ச் சேர்ந்துவிட்டது. பணமும் வந்துவிட்டதாம்.